ஜன்னல் வழியாகப் போட்ட பை

அத்தியாயம் 14

சங்கிலிபூதத்தானின் காலில் மாவுக்கட்டு போட்டு இன்றோடு பதினாறு நாள் ஆகிறது. வாய்க்கால் படியில் அவர் வழுக்கி விழுந்ததையும், அம்பை ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி ஆறுமுகத்தாயும் மருமகள் முத்துராணியும் மாறி மாறிக் கண் விழித்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அமளியில் இன்னொன்றும் நடந்தது. ஆறுமுகத்தாய் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகவில்லை.

பாளையங்கோட்டை ஞாயிற்றுச் சந்தையில் இடம் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. வாங்கியதைக் காப்பாற்றுவது அதைவிடக் கஷ்டம். காலை எட்டு மணிக்கு விசில் ஊதுவார்கள். நோட்டுப் புத்தகத்தோடு ஒருவர் வரிசையாக வருவார். ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து அட்டையைக் காட்ட வேண்டும். தொடர்ந்து மூன்று வாரம் ஆள் இல்லை என்றால் அந்த இடம் காத்திருக்கிற அடுத்தவருக்குப் போய்விடும்.

இன்று மூன்றாவது ஞாயிறு.

மலை மேல் தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள் ஆறுமுகத்தாய். குடும்பத்தோடு கீழே இறங்கி, மணிமுத்தாறில் வாடகை வீடு பிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. தோப்புகளில் தார் வெட்டியபின் கிடக்கும் வாழைத்தண்டையும், கூடவே வாழைப்பூவையும் வாங்கிச் சந்தையில் விற்கிறாள். இருந்த வீடு, செய்த வேலை எதிலும் அவள் பெயர் எழுதியிருந்ததில்லை. கண்ணாடித் தாள் ஒட்டிய அந்தச் சந்தை அட்டையில்தான் முதன்முதலாக எழுதியிருந்தது. சந்தை இல்லாத நாளெல்லாம் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பாள்.

மணிமுத்தாறிலிருந்து அம்பைக்கு முதல் பஸ் ஐந்து மணிக்கு. இரண்டு சாக்கு நிறையத் தண்டு, ஒரு கூடை பூ, ஒரு மஞ்சள் துணிப்பை. மாமியாரும் மருமகளும் ஏறும்போதே கண்டக்டர் முகத்தைச் சுளித்தார்.

"யம்மா, இது என்ன லாரியா? மூட்டைய எங்கன வைக்கச் சொல்லுத?"

"எஞ்சின் பக்கத்துல ஒதுக்கி வச்சுக்கிடுதோம்யா. எறங்கும்போது நாங்களே எறக்கிருவோம்."

"பொம்பளயளுக்குச் சும்மா விட்டாலும் விட்டாவ, வீட்டையே தூக்கிட்டு வாராளுவ."

ஆறுமுகத்தாய் சாக்குகளை எஞ்சின் பக்கம் ஒதுக்கினாள். விடிகிற நேரத்தில் ஒருவரோடு வாய்ச்சண்டை போட அவளிடம் தெம்பு இல்லை. சாக்கின் மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். இரவெல்லாம் கணவருக்குக் கால் வலி. அவள் தூங்கியது இரண்டு மணி நேரம் இருக்கலாம்.

முத்துராணிக்கு அந்த இரண்டு மணி நேரமும் இல்லை. அவளுக்கு வேறு பிரச்சினை.

அம்பை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மூட்டைகளைத் தூணோரம் சேர்த்தார்கள். "நீ இங்கன நில்லு. ரெண்டு டீ சொல்லிட்டு வாரேன்" என்று ஆறுமுகத்தாய் நகர்ந்ததுதான் தாமதம், முத்துராணியின் கையில் போன் அதிர்ந்தது. திருப்பூரிலிருந்து மணிராஜ். கல்யாணமாகி எட்டு மாதத்தில் புருஷனோடு அவள் சேர்ந்து இருந்தது மொத்தம் முப்பத்தொரு நாள். அவன் பனியன் கம்பெனியில் இருந்தான், அவள் அவன் அப்பா அம்மாவோடு இருந்தாள்.

"எங்கன நிக்க முத்து?"

"அம்பையில. அத்த டீ வாங்கப் போயிருக்காவ."

"அப்ப நான் சொல்லுததக் கேளு. இன்னைக்கு அரை மணி நேரம் லேட்டாப் போனா குடி ஒண்ணும் முழுகிப் போவாது. எடம் போயிருச்சுன்னா அம்மைக்கு அங்கன வேற என்ன இருக்கு? பேசாம கெளம்பி இங்க வந்துருவா. அப்பாவுக்கும் இங்க நல்ல ஆஸ்பத்திரி இருக்கு."

"அத நீங்களே அத்தகிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"நான் சொன்னா கேப்பாளா? எத்தன நாளைக்கு நான் ஓட்டல்லயே திங்க? ஒனக்கு இங்க வரணும்னு இல்லையா?"

இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அவளுக்குத் திருப்பூர் போக வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் இருந்தது. அந்த ஆசைதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. அத்தையின் இடம் போனால்தான் தனக்கு வழி பிறக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கே அவளைப் பிடிக்காமல் போனது.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் உள்ளே திரும்பியது. கூட்டம் எழுந்து ஓடியது. டீக்கடையிலிருந்து ஆறுமுகத்தாயின் குரல் கேட்டது.

"ஏட்டி, திருநவேலி வண்டி வந்துட்டு. எடத்தப் போடு."

முத்துராணி போனைத் துணிப்பைக்குள் திணித்தாள். ஓடினாள். நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸின் மூன்றாவது ஜன்னல் வழியாகப் பையை உள்ளே எறிந்தாள்.

துண்டோ, குடையோ, சில சமயம் பெற்ற பிள்ளையோ, ஜன்னல் வழியாக எது முதலில் உள்ளே போகிறதோ அதன் சொந்தக்காரருக்குத்தான் அந்த இருக்கை என்பது நம் பக்கத்தில் எழுதாத சட்டம். எறியத் தெரியாதவர்கள் திருநெல்வேலி வரை நின்றுகொண்டுதான் போக வேண்டும். முத்துராணிக்கு எறியத் தெரியும். ஆனால் எறிவதற்கு முன்னால் எந்தப் பக்கம் போகிற வண்டி என்று கேட்க வேண்டும். போனில் புருஷன் கேட்ட கேள்வி காதிலேயே நின்றதால் அதை மறந்துவிட்டாள்.

'பாபநாசம் - திருநெல்வேலி' என்று பலகையில் இருந்தது உண்மைதான். வண்டி திருநெல்வேலியிலிருந்து பாபநாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதல் சாக்கை இருவரும் தூக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் வருவதற்குள் விசில் சத்தம் கேட்டது. பஸ் வளைந்து வெளியே போயிற்று. "யோவ், நிறுத்துங்கய்யா, பை இருக்கு" என்று முத்துராணி கத்தியது புகையில் போயிற்று.

"ஏம்மா, அது பாபநாசம் போற வண்டில்லா" என்றார் தூணோரம் பூ விற்றுக்கொண்டிருந்தவர். "திருநவேலி வண்டி இன்னும் கால் மணி நேரத்துல வரும்."

ஆறுமுகத்தாய் சாக்கை மெதுவாகக் கீழே வைத்தாள். 

"பையில என்னல்லாம் இருந்துச்சு?"

"கத்தி. தண்ணி பாட்டலு. எம் போனு." முத்துராணி பஸ் போன திசையைப் பார்த்தாள். "அட்ட."

சுருக்குப்பை ஆறுமுகத்தாயின் இடுப்பில் இருந்தது ஒன்றுதான் அன்றைக்கு நல்ல காலம். நேரக் காப்பாளர் அறையில் இருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார், கேட்டுவிட்டு ஆறுதலாகவே சொன்னார். "கண்டக்டர் எடுத்து வச்சிருப்பாரு. வண்டி திரும்பி வாரப்போ நான் வாங்கி வைக்கேன். சாயந்தரம் போற வழியில வாங்கிக்கிடுங்க."

"நான் பாபநாசம் போயி வாங்கிட்டு வந்துருதேன் அத்தே" என்றாள் முத்துராணி. "நீங்க இங்கன இருங்க. அட்ட இல்லாமப் போயி என்ன செய்ய?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மணிராஜ் கேட்ட அந்த அரை மணி நேரத் தாமதத்தைத்தான் அவள் வாய் இப்போது கேட்டிருக்கிறது. நல்ல எண்ணத்தில் சொன்னாளா, கெட்ட எண்ணத்தில் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆறுமுகத்தாய் குனிந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"நீ போயிட்டு வாரதுக்குள்ள எட்டு மணி ஆயிரும்ட்டி. பை எங்கன போயிரப் போவுது? எடந்தான் போயிரும். மூட்டையப் பிடி."

அடுத்த வண்டியில் உட்கார இடம் கிடைக்கவில்லை. எறிவதற்கும் கையில் எதுவும் இல்லை. கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. வீரவநல்லூரில் இன்னும் பத்துப் பேர். சேரன்மகாதேவி வரை முத்துராணி ஒற்றைக் காலில் நின்றாள். இன்னொரு காலை வைக்க இடமில்லை. பூக்கூடை யார் காலிலோ இடித்து, அவர் திட்டி, இவள் மன்னிப்புக் கேட்டு, திரும்பவும் இடித்தது.

சேரன்மகாதேவியில் கொஞ்சம் பேர் இறங்கியதும் ஆறுமுகத்தாய் அவளை இழுத்துத் தன் பக்கத்தில் சாக்கின் மேல் உட்கார வைத்தாள்.

"ஒண்ணு நெனைச்சிருக்கேன்" என்றாள். "அட்டையில ரெண்டு பேரு போடலாமாம். இன்னைக்கு அந்த சாருகிட்டச் சொல்லி ஒம் பேரையும் சேத்துரணும். மாமா இனி மூட்ட தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எனக்கு மேலுக்கு முடியலைன்னா நீ போயி இருக்கலாம்லா."

முத்துராணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே வயலும் வாழையும் வந்துகொண்டே இருந்தன.

"ஏன், பேசாம வார?"

"தூக்கம் வருது அத்தே."

"தூங்கு. பேட்ட வந்தா எழுப்புதேன்."

அவள் தூங்கவில்லை. மாமியாரின் தோளில் தலை சாய்ந்திருந்தது, கண் திறந்தே இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது. பையைத் தொலைத்தவளுக்கு யாராவது பங்கு கொடுப்பார்களா?

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியபோது ஏழே கால். பாளையங்கோட்டைக்கு முதல் டவுன் பஸ் மூட்டையைப் பார்த்ததும் கதவை அடைத்துக்கொண்டு போயிற்று. இரண்டாவது வண்டியில் ஒரு சாக்கு ஏறியது, இன்னொன்று ஏறவில்லை, அதற்காக ஏறியதையும் இறக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது வண்டிக்காரர் மகராசன். "சீக்கிரம் ஏத்துங்க தாயி" என்று தானே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

ஆற்றுப் பாலத்தில் வண்டி நின்றது. முன்னால் ஏதோ ஒரு கார் பழுதாகி நின்றுவிட்டது. கீழே தாமிரபரணியில் ஆட்கள் சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு போட்டு, முங்கி, எழுந்து, திரும்பவும் சோப்பு போட்டார்கள். ஆறுமுகத்தாய் பக்கத்தில் நின்ற பையனிடம் மூன்று தடவை மணி கேட்டாள். ஏழு நாற்பது. ஏழு நாற்பத்து மூன்று. ஏழு நாற்பத்தெட்டு.

பாளையங்கோட்டையில் இறங்கிச் சந்தை மைதானத்துக்கு இன்னும் அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஆளுக்கொரு சாக்கைத் தலையில் வைத்தார்கள். கூடையை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார்கள். பாதி வழியில் ஆறுமுகத்தாய் நின்றுவிட்டாள்.

"கொஞ்சம் நில்லுட்டி."

எட்டு மாதத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து முத்துராணி கேட்டதில்லை. மலையில் ஏறி இறங்கிய கால் அது. மருமகள் நாலு எட்டு நடக்கும்போது பத்து எட்டு முன்னால் போய் நிற்கிறவள். இப்போது மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"அந்தச் சாக்கையும் எந் தலையில வைங்க" என்றாள் முத்துராணி.

"ரெண்டையும் எப்படிட்டி?"

"வைங்க அத்தே. பேச நேரமில்ல."

கழுத்து உள்ளே இறங்கிவிடும் போல இருந்தது. நடந்தாள். மைதானத்து வாசலில் கால் வைக்கும்போது விசில் ஊதி, வருகை எடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அறுபத்து மூன்றாம் இடத்துக்கு முன்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நோட்டோடு நின்றவர் சிவசைலம். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சந்தையை நடத்தும் குழுவில் இருப்பவர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் நீலப் பேனா, சிவப்புப் பேனா. அவர் பக்கத்தில் செல்போன் உறை விற்கிற கண்ணன் அட்டைப் பெட்டியோடு தயாராக நின்றான். ஐந்து மாதமாக ஓர் இடத்துக்குக் காத்திருக்கிறவன், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்றாவது ஆள் பக்கத்து இடத்து மும்தாஜ் பேகம். மேலப்பாளையத்திலிருந்து வந்து கைலியும் தலையணை உறையும் விற்கிறவள்.

அறுபத்து மூன்றாம் இடத்தில் ஒரு பழைய போர்வை விரித்திருந்தது. அதன் மேல் நாலு தலையணை உறை.

"துணி விரிச்சா இடம் ஆயிடுமாம்மா?" என்று சிவசைலம் கேட்டுக்கொண்டிருந்தார். "போன வாரமும் இப்படித்தான் விரிச்சு வெச்சிருந்தீங்க. ஆள் இருந்தாத்தான் வருகை போட முடியும்."

"வருவா சார். அல்லா மேல ஆணையா வந்துருவா. நீங்க அடுத்த எடத்தப் பாத்துட்டு வாங்களேன்."

"மும்தாஜு" என்றாள் ஆறுமுகத்தாய். வேறு எதுவும் சொல்ல மூச்சு இல்லை.

மும்தாஜ் பேகம் திரும்பிப் பார்த்தாள். உடனே குனிந்து தலையணை உறைகளை அள்ளினாள், போர்வையை மடித்தாள். "இந்தா, ஆளு வந்தாச்சு. போட்டுக்கிடுங்க சார்" என்றாள் ஒன்றும் நடக்காதது போல.

சிவசைலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. அட்டையைக் காட்டுங்க."

ஆறுமுகத்தாய் நடந்ததைச் சொன்னாள். கணவரின் கால், ஜன்னல், பை, பாபநாசம். மருமகள் எறிந்தாள் என்று சொல்லவில்லை. "எறிஞ்சிட்டோம்" என்றாள்.

சிவசைலம் கெட்டவர் இல்லை. ஆனால் போன மாதம்தான் இரண்டு பேர் வேறு ஆளை உட்கார வைத்து ஏமாற்றியிருந்தார்கள். அதற்குப் பிறகு அட்டை இல்லாமல் வருகை போடக் கூடாது என்று குழுவில் முடிவாகியிருந்தது. பேனாவை மூடியபடி அவர் யோசித்தார்.

"பையில போன் இருக்குன்னு சொன்னீங்கல்ல? கண்டக்டர் எடுத்தாருன்னா அட்டையில இருக்கிறத வாசிக்கச் சொல்லுங்க. நான் நோட்டோட ஒத்துப் பார்க்கறேன். எல்லாரும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போடுங்க. நாளைக்கு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது."

மும்தாஜ் பேகம் தன் போனை நீட்டினாள். முத்துராணி தன் எண்ணையே அழுத்தினாள். நாலு தடவை மணி அடித்த பிறகு கண்டக்டரின் குரல் கேட்டது.

"யாரு, பைக்காரம்மாவா? பை பத்திரமா இருக்கு தாயி."

"அண்ணாச்சி, அதுக்குள்ள ஒரு அட்ட இருக்கும். அதுல உள்ளத வாசிங்க."

"இரு. ஆங். எடம் அறுவத்தி மூணு. ஆறுமுகத்தாய், க/பெ சங்கிலிபூதத்தான். வாழத்தண்டு, வாழப்பூ. மணிமுத்தாறு."

சிவசைலம் தலையாட்டினார். சிவப்புப் பேனாவைப் பையில் செருகிவிட்டு நீலப் பேனாவை எடுத்தார். ஆறுமுகத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

போனை அணைத்திருக்கலாம். முத்துராணி அணைப்பதற்குள் அந்த நல்ல மனுஷர் தொடர்ந்தார்.

"அப்புறம் தாயி, ஒங்க வீட்டுக்காரரு நாலு தடவ கூப்ட்டுட்டாரு. பாவம் பதறுதாரேன்னு எடுத்து, பை மட்டும் பாபநாசம் வந்துட்டுன்னு சொன்னேன். சந்தை அட்ட அதுலயா இருக்குன்னு கேட்டாரு. ஆமான்னேன். 'நல்லதாப் போச்சு, இனி எங்கம்ம திருப்பூர் வந்துருவா'ன்னாரு. புதன்கெழம மூணு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சாம். ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு."

போன் அடங்கியது. மும்தாஜ் பேகம் ஒரு கைலியை எடுத்து, மடித்திருந்ததைப் பிரித்துத் திரும்பவும் மடித்தாள். சிவசைலத்துக்குக் குடும்ப விஷயம் காதில் விழுந்த சங்கடம். பேச்சை மாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி நோட்டுதான்.

"வீட்டுக்காரருக்குக் கால் சரியில்லைன்னா துணைக்கு ஒரு பேர் சேர்த்துக்கலாம்மா. இது மருமகளா? பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

ஆறுமுகத்தாய் சாக்கின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இப்ப வேண்டாம் சார்" என்றாள்.

முத்துராணிக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. திருப்பூர் போக வேண்டும் என்று எட்டு மாதம் ஏங்கியவள்தான். அட்டையில் தன் பெயரை எழுத வேண்டாமே என்று பஸ்ஸில் மனதுக்குள் கும்பிட்டவள்தான். ஆனாலும் வேண்டாம் என்று கேட்டதும் அழுகை வந்தது. மனசு அப்படித்தான், அதற்கு நியாயம் கேட்டால் சொல்லாது.

மும்தாஜ் பேகத்திடம் கத்தி இரவல் வாங்கி வியாபாரம் தொடங்கினார்கள். ஆறுமுகத்தாயிடம் தண்டு வாங்க ஊரெல்லாம் வருவதற்குக் காரணம் உண்டு. அவள் வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வட்டுக்கும் இடையில் இழுபடும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, சுத்தமாகப் பொட்டலம் கட்டித் தருவாள். வீட்டுக்குப் போய் அப்படியே அடுப்பில் போடலாம். விரலில் நார் வெள்ளை மோதிரம் மாதிரி தடித்ததும் உருவிப் போட்டுவிட்டு அடுத்ததை ஆரம்பிப்பாள். இன்றைக்கும் அதே வேகம்தான். வாய்தான் திறக்கவில்லை.

"ரெண்டு வாரமா எங்க போயிட்டீங்க?" என்று கேட்டவர்களுக்கு முத்துராணிதான் பதில் சொன்னாள். 

பத்து மணி வெயில் ஏறியது. கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது அவளால் அடக்க முடியவில்லை.

"அத்தே, நான் பைய வேணும்னு எறியல."

நார் சுற்றிய விரல் நின்றது.

"அவுக போன்ல அப்பிடிச் சொன்னது நெசந்தான். லேட்டாப் போன்னு சொன்னாவ. நான் ஒங்ககிட்டச் சொல்லாம மறைச்சதும் நெசந்தான். ஆனா பைய..."

"தெரியும்ட்டி" என்றாள் ஆறுமுகத்தாய். "வேணும்னு எறியுதவ போனையுமா உள்ள வச்சு எறிவா?"

பக்கத்தில் மும்தாஜ் பேகம் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள். முத்துராணி சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். அத்தை நம்பிவிட்டாள். அது பெரிய பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் பெயரை ஏன் வேண்டாம் என்றாள்? அதைக் கேட்கிற தைரியம் வரவில்லை. ஆறுமுகத்தாய் "அந்தப் பூவ உரி, டீச்சரம்மா வருவாவ" என்று வேலையைப் பார்த்தாள்.

ஒரு மணிக்குச் சாக்குகள் காலியாகிவிட்டன. திரும்பி வரும் வழி போன வழியைவிட நீளமாக இருந்தது. டவுன் பஸ், ஜங்ஷன், அம்பை பஸ். உட்கார இடம் கிடைத்தும் இருவருக்கும் தூக்கம் வரவில்லை. காலிச் சாக்குகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஆறுமுகத்தாய் வழியெல்லாம் எதையோ யோசித்துக்கொண்டே வந்தாள்.

அம்பையில் நேரக் காப்பாளர் சொன்னபடி பையை வாங்கி வைத்திருந்தார். கத்தி, தண்ணீர் பாட்டில், அட்டை, போன், எல்லாம் இருந்தன. பை கைக்கு வந்ததும் போன் அடிக்க ஆரம்பித்தது.

முத்துராணி எடுக்கப் போனாள். ஆறுமுகத்தாய் கையை நீட்டினாள்.

"இங்க குடு. நான் பேசுதேன்."

மறுமுனையில் மணிராஜ், "முத்து, என்ன ஆச்சு, எடம் போச்சா?" என்று கேட்டது வெளியிலேயே கேட்டது.

"போவல லே" என்றாள் ஆறுமுகத்தாய்.

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஏலே மணி, ஒம்மேல எனக்குக் கோவம் இல்ல. நீ தனியா கெடந்து கஷ்டப்படுத. அது எனக்குத் தெரியாமலா இருக்கு? ஆனா நான் ஒரு தடவ எறங்கி வந்தவ. இன்னொரு தடவ எல்லாத்தையும் தூக்கிட்டுக் கெளம்ப என்னால ஆவாது. எனக்கு அலுத்துப் போச்சு. நானும் ஒங்கப்பாவும் வரல. ரெண்டு டிக்கெட்ட ரத்து பண்ணிரு." கொஞ்சம் நிறுத்தினாள். "அவ டிக்கெட் இருக்கட்டும்."

போனை முத்துராணியின் கையில் வைத்தாள். "பேசு" என்றாள்.

முத்துராணி போனை நெஞ்சோடு அழுத்தி மூடிக்கொண்டாள்.

"காலையில எம் பேர ஏன் வேண்டாம்னீங்க அத்தே?"

"சேத்திருந்தா நீ போவ மாட்டேல்லா" என்றாள் ஆறுமுகத்தாய். "அங்க போயி இருந்தாலும் ஞாயித்துக்கெழம ஆனா எடம் போயிருமே, எடம் போயிருமேன்னு ஒனக்கு அடிச்சுக்கிட்டே கெடக்கும். அந்தப் பாடு என்னோட போட்டும். நீ வாழ வேண்டியவ."

எட்டு மாதமாக முத்துராணி கேட்க ஏங்கிய வார்த்தை அது. கேட்டுவிட்டாள். அவள் கண் மாமியாரின் முகத்துக்குப் போகாமல், கக்கத்தில் இருந்த மடித்த சாக்குகளுக்குப் போயிற்று. இரண்டு சாக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு இரண்டாவது சாக்கை யார் தூக்குவார்கள்? பாதி வழியில் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் நில்லு" என்று யாரிடம் சொல்வாள்?

மணிமுத்தாறு பஸ் உள்ளே திரும்பியது. கூட்டம் எழுந்து ஓடியது.

ஆறுமுகத்தாய் பலகையைப் பார்த்தாள். போதாது என்று டிரைவரிடம் "மணிமுத்தாறு போவுதாய்யா?" என்று கேட்டுக்கொண்டாள். பிறகு அந்த இரண்டு காலிச் சாக்கையும் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, கூட்டத்தில் முட்டி மோதி ஏறினாள்.

முத்துராணி போனைக் காதில் வைத்தாள்.

"முத்து, லைன்ல இருக்கியா? எங்கம்மையே சொல்லிட்டாள்லா? புதன்கெழம வார தானே?"

பஸ் ஜன்னலிலிருந்து ஆறுமுகத்தாயின் தலை வெளியே வந்தது. களைத்த முகம். பக்கத்து இருக்கையில் ஒரு சாக்கை விரித்துக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"ஏறுட்டி, எடம் போட்டாச்சு."

"முத்து? சொல்லு, வார தானே?"

முத்துராணி படியில் ஒரு காலை வைத்தாள். இன்னொரு கால் தரையில் இருந்தது. போனில் அவன் காத்திருந்தான், ஜன்னலோரம் அத்தை காத்திருந்தாள். பின்னால் கூடையோடு நின்ற பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏறுதியா, எறங்குதியா? ஏதாவது ஒண்ணு செய்யும்மா. வழிய மறிச்சிட்டு நிக்காத."